கௌபிக் கொழுந்து

செடிப்பேன் பிடித்த கௌபிப் பயற்றுக் கொடியின் நுனியைக் கிள்ளினால் முதலில் பச்சைப்பயற்றை மென்றது போன்ற ஓர் இளம் மணம் எழும். அடுத்த கணமே விரல்களில் கறுப்பும் பச்சையும் கலந்த பிசுபிசுப்பு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மலையூற்றுப் பீலித் தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் அது முழுதாகப் போகாது. இரவு சோற்றில் கை வைக்கும்போது மறுபடியும் மூக்கில் ஏறும். ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோருடைய கைகளிலும் அந்த மணம் இருந்தது. தேயிலைக் கறை ஏற்கெனவே குடியிருந்த விரல்களில் அது இரண்டாவது குடியாக வந்து சேர்ந்தது.

எழுபதுகளின் முற்பகுதி அது. அரிசியும் மாவும் அருகிப்போய், மரவள்ளிக் கிழங்கு கிடைத்த வீடு வசதியான வீடாகக் கருதப்பட்ட காலம். நமுனுகுல மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், பசறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்தன. கடைசித் தேயிலை மலைக்கும் சிங்களக் கிராமத்து எல்லைக்கும் நடுவே "பத்தனை" என்று நாங்கள் அழைத்த வறண்ட புல்வெளி ஒன்று கிடந்தது. மழை பெய்தால் ஒரு வாரம் பச்சையாக இருக்கும். விட்டுவிட்டால் சரளைக்கல் தெரியக் காய்ந்து கிடக்கும். உணவுப் பயிர் செய்துகொள்ளுங்கள் என்று துரை அந்தச் சரிவில் லயத்துக்காரர்களுக்குத் துண்டு துண்டாக இடம் விட்டார். எங்களுக்குக் கிடைத்த துண்டு, கல் பொறுக்கி எறிந்துவிட்டுப் பார்த்தால், ஒரு பாடசாலை முற்றத்தை விடச் சற்றுப் பெரிதாக இருந்தது.

அந்தத் துண்டு நிலத்தின்மேல் எங்கள் வீட்டில் ஒரு பெரிய கேள்வி சாய்ந்து நின்றது. அப்பாவின் அண்ணன் அதற்கு முந்திய ஆண்டே தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் இறங்கிப் போயிருந்தார். அங்கே காடு வெட்டிக் குடியேறலாம், உழைத்தால் வயிறு நிறையும் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பாதி மனம் அங்கே போய்விட்டிருந்தது. அம்மாவுக்கு விருப்பமில்லை. நான் நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்; அம்மாவின் தங்கை அடுத்த கணக்கில் வாழ்க்கைப்பட்டிருந்தார்; எல்லாவற்றுக்கும் மேலாக, "இந்த மலைக்கு என் காலு பழகிருச்சுங்க" என்பது அவருடைய வாதமாக இருந்தது. பல நாள் பேச்சுக்குப் பிறகு அப்பா ஒரு முடிவு சொன்னார்.

"சரி, இந்த மழைக்குக் கௌபியப் போட்டுப் பாப்போம். வெள்ளாம வந்தா இருப்போம். வரலேன்னா தை பொறந்து மூட்டையக் கட்டிருவோம்."

அம்மா அதற்குத் தலையசைத்தார். ஆக, ஐப்பசி மழையில் அந்தச் சரளை மண்ணில் குழி குழியாக நாங்கள் இட்டது வெறும் பயறு அன்று.

விதை பதுளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த காசிம் நானாவிடமிருந்து வந்தது. விதைப் பயறு கிடைப்பதே அரிதாக இருந்த நேரத்தில், சுருட்டிய காகிதத்தில் அளந்து கொடுத்துவிட்டு, "ஊண்டத்தான் தாறேன், தங்கச்சி. வீட்டுக்குப் போன ஒடனே சட்டியில போட்டுறாதீங்க" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தார், ஆனால் வரும் வழியெல்லாம் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அந்த எச்சரிக்கை அநாவசியமானது அல்ல என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

விதை முளைத்தது. ஈரிலை விட்டு, மூவிலை விட்டு, நிரை நிரையாகப் பச்சை கட்டியது. இளம் இலைகளை அளவோடு பறித்துச் சுண்டிக் கறி வைத்தோம். மரவள்ளிக் கிழங்கோடு அதைத் தின்ற நாட்களில் வீட்டில் யாரும் எதையும் குறை சொன்னதாக நினைவில்லை. பிறகு கார்த்திகையில் மழை சில நாட்கள் விட்டு வெயில் காய்ந்தது. ஒரு மாலையில் அப்பா நிலத்திலிருந்து வந்து, "எறும்பு ஏறுது" என்றார். எறும்பு ஏறினால் பேன் இருக்கிறது என்பது லயத்துப் பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தை. பேன் கசியவிடும் இனிப்பைத் தின்னத்தான் எறும்பு ஏறும். தின்றதற்குக் கூலியாக அதுவே பேனுக்குக் காவலும் நிற்கும். மறுநாள் போய்ப் பார்த்தபோது கீழ் ஓரத்து நிரைகளில் கொடி நுனிகள் கரி தடவியது போலக் கறுத்திருந்தன. குனிந்து பார்த்தால் அந்தக் கறுப்பு நகர்ந்தது. அதைப் புத்தகத்தில் அசுவுணி என்பார்கள் என்பதும், அது ஆணின் துணையின்றியே குஞ்சு ஈன்று பெருகக்கூடியது என்பதும் நான் பல்கலைக்கழகம் போன பிறகு அறிந்தவை. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நேற்று ஒரு நுனியில் இருந்தது இன்று அடுத்த நுனியிலும் இருக்கிறது என்பதுதான்.

முதலில் அடுப்புச் சாம்பலை முயன்றோம். கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாற்றுக் குச்சி எரித்த சாம்பல் எல்லா வீட்டிலும் இருந்தது. பனி காயுமுன் சுளகில் எடுத்துப் போய் நுனிகளில் படும்படி தூவினோம். சாம்பல் பட்ட இடத்தில் பேன் குறைந்தது உண்மை. ஆனால் அடுத்த நாள் ஒரே ஒரு தூறல் வந்து அவ்வளவையும் கழுவிவிட்டுப் போயிற்று. சாம்பலைக் கழுவுமளவு பெய்த மழை, பேனைக் கழுவுமளவு பெய்யவில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா மருந்துப் பேச்சை எடுத்தார்.

"பசறையில மருந்துத்தூள் விக்கிதாம். ஒரு தடவ தூவுனா ஒரு பேன் மிஞ்சாதுங்கிறாங்க."

"பேன் மிஞ்சாது, சரி. நாளைக்கு எதக் கிள்ளிக் கறி வைக்கிறது?"

"கொஞ்ச நாளைக்கு எல கிள்ளாம இருந்தா என்ன?"

"நான் கிள்ளாம இருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பசங்க இருக்குமா? போற வழியில அப்பிடியே பறிச்சு வாயில போடுதுங்க. எந்த நிரையில மருந்து, எந்த நிரையில இல்லன்னு அதுகளுக்கு யாரு சொல்றது?"

அப்பா தட்டை வழித்துக்கொண்டு எழுந்து போனார். இன்று இதை எழுதும்போது அவரைத் தவறாகக் காட்டிவிடக் கூடாது என்று எண்ணுகிறேன். கையில் இருப்பது ஒரே ஒரு போகம், அது தவறினால் ஊரையே விட வேண்டும் என்ற நிலையில் உள்ள ஒருவர், உடனே கேட்கும் மருந்தை நாடுவது அறியாமை அன்று. அம்மாவின் மறுப்பும் பின்னாளில் நான் கருத்தரங்குகளில் கேட்ட இயற்கை வேளாண்மைத் தத்துவத்திலிருந்து பிறந்ததல்ல. பயிரே கறியாகவும் இருந்தது, அவ்வளவுதான். பசி அந்த ஆண்டு பல கெட்ட முடிவுகளை எங்களை எடுக்க வைத்தது; ஒரு நல்ல முடிவையும் எடுக்க வைத்தது.

ஆனால் மறுப்பு மட்டும் பேனைக் கொல்லாது. அம்மா மறுநாள் கொழுந்து நிறுவை முடிந்து நேரே பத்தனைக்குப் போனார். கொஞ்ச நேரம் நிரைகளுக்கு நடுவே நின்று பார்த்துவிட்டு வந்து, பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த செபமாலை அத்தையைக் கூப்பிட்டார். செபமாலை அத்தை ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். திங்கள் முதல் சனி வரை லயத்தில் யாரையும் கேலி செய்யாமல் விடாதவர்.

"செபமால, அந்தப் பேன் எல்லாம் கொழுந்துலதான்டி இருக்கு. முத்தல் எலையில ஒண்ணுமில்ல."

"அதுக்கு?"

"கொழுந்த எடுக்கிறதுதான நம்ம பொழப்பு?"

அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "துரைக்குக் கிள்ளிக் கிள்ளி நகம் தேஞ்சது பத்தலையா? இனிமே பேனுக்கும் கிள்ளணுமா?" என்றவர், அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார். அத்தையின் நிலமும் எங்கள் நிலத்தை ஒட்டியே இருந்தது. இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் அதே கறுப்பு, அதே கவலை.

அவர்கள் கிள்ளிய வேகத்தை நான் இன்றும் கண்ணால் காண்கிறேன். யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆளுக்கொரு நிரை பிடித்து, இரண்டு கையாலும், பேன் மொய்த்த நுனியை மட்டும் நகத்தால் வெட்டியது போல எடுத்துக்கொண்டு போனார்கள். கண் ஒரு கொடியில் இருக்கும்போதே கை அடுத்த கொடிக்குப் போய்விடும். வெயில் உச்சிக்கு ஏறுமுன் இரண்டு நிலமும் முடிந்தன. ஓரத்தில் நின்று பார்த்தால், கறுப்பு இல்லாத கௌபி. அடி வெட்டிய தேயிலை மலை போல ஒரே மட்டமாக நின்றது. காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்து, நாள் கூலிக்குப் பேர் போடும் கங்காணி மலையில் நடந்து போகையில் மேட்டில் நின்று கூவினார்:

"என்னா, இங்கயும் பெரட்டுக் கலைச்சாச்சா? இன்னைக்கு அரைப் பேரா, முழுப் பேரா?"

"பேரு போட நீங்களே வாங்க, கங்காணி! நிறுவைக்குப் பேன் தர்றோம்!" என்று அத்தை திருப்பிக் கூவினார்.

அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. கிள்ளி முடித்த நிரைகளில், புதிதாகத் தளிர்த்த இடங்களில், மறுபடியும் கறுப்பு. அதுவும் முன்பு பேனே இல்லாமல் சுத்தமாக இருந்த கொடிகளில்கூட அங்கங்கே திட்டுத் திட்டாக. காற்றில் வந்ததா, எறும்பு தூக்கி வந்ததா, கண்ணேறா என்று லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்பா பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, சுவரோரம் வைத்தார். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் பயணத்துக்கு மட்டுமே இறங்கும். அம்மா அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அடுப்பை ஊதத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் தடவையாகக் கிள்ளப் போனார்கள். முதல் தடவை இருந்த கலகலப்பு இல்லை. செபமாலை அத்தைக்குக் காலில் முள் ஏறியிருந்ததால், தனக்கென நிரை பிடிக்காமல், அம்மா கிள்ளிய நிரையில் விடுபட்டதைப் பார்த்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நொண்டி நொண்டி வந்தார். திடீரென்று அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அத்தையின் மூக்கின்மேல், பேன் மொய்த்த ஒரு கௌபி நுனி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடியே பாக்கியம்! யாரு மூஞ்சின்னு நெனச்சு எறியிற?"

"நான் எங்கடி எறிஞ்சேன்?"

"எறியாம? வானத்துல இருந்து பூமாரியா பெய்யிது?"

"கிள்ளுனதக் கீழ போட்டு மிதிச்சிட்டுத்தான வர்றேன்?" அம்மா பொய் சொல்லவில்லை, அப்படித்தான் செய்வதாக அவர் மனதார நம்பிக்கொண்டிருந்தார்.

"மிதிச்சிட்டு வர்றியா? எங்க, இன்னும் ரெண்டு கிள்ளு பாப்போம்."

அம்மா கிள்ளினார். கை நிறைந்ததும், அது தானாகவே தோளுக்கு மேலே எழுந்து, கையில் இருந்ததைப் பின்னால் எறிந்துவிட்டுக் கொடிக்குத் திரும்பியது. நுனிகள் சற்று முன் சுத்தம் செய்யப்பட்ட கொடிகளின்மேல் போய் விழுந்தன. அம்மா அந்தக் கையையே, யாரோ அந்நியருடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். மற்றப் பெண்களும் தங்கள் தங்கள் நிரையின் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். எல்லா நிரையிலும், சுத்தமான கொடிகளின்மேல், கிள்ளி எறிந்த நுனிகள் வாடிக் கிடந்தன. அவற்றிலிருந்து இறங்கிய பேன் புதுத் தளிரை நோக்கி நடந்துகொண்டிருந்தது. வயது வந்த நாள் முதல் முதுகில் தொங்கும் கூடைக்குள், திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலாகக் கொழுந்து எறிந்து பழகிய கைகள் அவை. கூடை இல்லாத நாளிலும் அவை கூடைக்குத்தான் எறிந்துகொண்டிருந்தன.

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பேனு நடந்து போனா கால் வலிக்குமேன்னு, நாம தூக்கிக் கொண்டுபோய்ப் புது வீட்டுல குடி வச்சிருக்கோம்டி!" என்றார். அதற்கு எழுந்த சிரிப்பில் அம்மா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்ததால் கண்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இனிக் கீழே போடுவோம் என்று தீர்மானித்துத் தொடங்கினார்கள். அது முடியவில்லை. கையை நினைத்துக்கொண்டே கிள்ளினால் வேகம் போயிற்று. வேகம் வந்தால் நினைவு போயிற்று, கை தோளுக்கு ஏறியது. கொழுந்துக் கூடைகளைக் கொண்டு வரவும் வழியில்லை. பேன் ஒட்டிய கூடையோடு மறுநாள் நிறுவைக்குப் போனால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அம்மா வீட்டுக்குப் போய் வெறும் மாச் சாக்கு ஒன்றை எடுத்து வந்தார். அதன் வாயில் ஈர்க்கை வளைத்துக் கட்டி விரிய வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டி, கூடை தொங்கும் அதே உயரத்தில் முதுகில் தொங்கவிட்டார்.

"கை சொன்னபடி கேக்கல. அது போற எடத்துலயே சாக்க வச்சிட்டா போச்சு," என்றார்.

அன்று மாலைக்குள் எல்லார் முதுகிலும் சாக்கு. நிரம்பிய சாக்குகளை நிலத்தில் கொட்டாமல் நேரே செபமாலை அத்தையின் மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். மாடு பேனையும் இலையையும் பிரித்துப் பார்க்காமல் தின்றது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை கிள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சாக்கு குறைவாகவே நிறைந்தது. இதற்கிடையில் சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொட்டு வண்டுகள் எங்கிருந்தோ வந்து, மிஞ்சிய பேனைத் தின்னத் தொடங்கின. மருந்து தூவியிருந்தால் அவை வந்திருக்குமா என்பது நான் பின்னாளில் கேட்டுக்கொண்ட கேள்வி; அன்று அவை எங்களுக்கு உள்ளங்கையில் ஓடவிட்டு விளையாடும் வண்டுகள் மட்டுமே.

இன்னொரு கவலை மீதமிருந்தது. நுனி கிள்ளிய கொடிகள் பக்கக் கிளை விட்டுப் புதராகப் படர்ந்தன. ஆனால் பூக்கத் தாமதித்தன. கீழேயிருந்த கிராமத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் நிலத்தில் அப்போதுதான் ஊதாப் பூ தலைகாட்டியது. மழை முடியும் காலம். மண்ணில் ஈரம் போய்விட்டால் பூ உதிர்ந்துவிடும். அப்பா தினமும் வேலை முடிந்து போய் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்ப்பார். தை பிறந்தும் அவர் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. பெட்டி சுவரோரமே இருந்தது. பொங்கலுக்குப் பிறகு இரண்டு நல்ல தூறல் கிடைத்தது. படர்ந்த கொடிகள் மண்ணை மூடியிருந்ததால் அந்த ஈரமும் சீக்கிரம் காயவில்லை. காய் பிடித்தது. சில காய்களைப் புழு துளைத்தது. துளை விழுந்ததை நாங்கள் பிள்ளைகள் பொறுக்கி எடுத்தோம். முற்றிய நேரத்தில் நல்ல வெயில் வாய்த்ததால், முன்னால் அறுத்தவர்களுக்குப் பூசணம் பிடித்ததுபோல எங்கள் காய்க்குப் பிடிக்கவில்லை. இதில் எவ்வளவு எங்கள் உழைப்பு, எவ்வளவு வானத்தின் தயவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றும் தெரியாது.

படங்கை விரித்து, காய்ந்த காய்களைக் கம்பால் அடித்து, புடைத்துக் குவித்தபோது பயறு ஒரு சிறு குன்று போல இருந்தது. அன்று அவித்த கௌபியில் தேங்காய்த் துருவலும் செத்தல் மிளகாயும் சேர்த்து அம்மா தந்ததை, லயமே ஆளுக்கொரு கிண்ணமாகத் தின்றது. சாப்பிட்டு முடித்து அப்பா கை கழுவப் பீலிக்குப் போனார். அந்த இடைவெளியில் அம்மா நல்ல திரட்சியான பயறாகப் பார்த்துப் பொறுக்கி, சலித்த அடுப்புச் சாம்பலோடு கலந்து, வண்டு விழாதபடி வைக்க ஏனம் தேடுவது போல நாலு பக்கமும் பார்த்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, அவ்வளவையும் அதற்குள் கொட்டி, மூடியை அழுத்திச் சாத்தினார்.

அப்பா வந்து பார்த்தார்.

"என்ன இது? பெட்டியிலயா?"

"விதைங்க. அடுத்த போகத்துக்கு."

"அப்ப துணிமணி?"

"சாம்பலா இருக்குதே. இனி இதுல துணி வைக்க முடியாது."

அப்பா பெட்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குனிந்து, மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டு, "எலி புகுந்துறாம பாத்துக்க" என்றார். நாங்கள் போகப் போவதில்லை என்று அவர் சொன்ன விதம் அதுதான்.

போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பின்னாளில் பல தடவை எண்ணியிருக்கிறேன். அதற்குப் பின் வந்த கலவரமும் போருமான ஆண்டுகள் மலையில் இருந்தவர்களையும் விடவில்லை, இறங்கிப் போனவர்களையும் விடவில்லை. ஆகவே எங்கள் முடிவே சரி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் அதே பாடசாலையில் தொடர்ந்து படித்தேன், அம்மாவுக்குத் தங்கை அடுத்த கணக்கிலேயே இருந்தார், அடுத்த பல மழைகளுக்கு எங்கள் வீட்டில் கௌபி இருந்தது.

இன்று அந்தப் பத்தனையில் ஒரு பாதி சவுக்கும் யூக்கலிப்டஸும் நிற்கும் காடு. மறுபாதியில் யாரோ மரக்கறி செய்கிறார்கள். காலை நேரத்தில் பஸ்ஸில் போகும்போது, முதுகில் மருந்துத் தாங்கி சுமந்தவர்கள் அந்தச் சரிவில் புகைபோலத் தெளித்துக்கொண்டு நடப்பது தெரியும். அவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கும் ஒரு போகம்தான் கையில் இருக்கும். எங்கள் லயம் இல்லை. செபமாலை அத்தை இல்லை. தேயிலையிலும் பல மலைகளில் கத்தரியால் வெட்டிப் பையில் அள்ளுகிறார்கள். தோளுக்கு மேலே கை எழும் அந்த வீச்சை இப்போது அதிகம் காண்பதற்கில்லை.

அம்மா என்னோடு பதுளையில் இருக்கிறார். அடுக்களையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவித் தருவது அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத வேலை. இலை மடியில் விழும்; காம்பு தோளுக்கு மேலாகப் பறந்து பின்னால் விழும். கீழே போடுங்கள் என்று நானும் வெகு நாள் சொல்லிப் பார்த்தேன். கதையைக் கேட்டிருந்த என் மகள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கூடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அம்மா அதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஒரு காம்புகூட வெளியே விழுவதுமில்லை.